தயிர்சாதக் கட்சியும் சிக்கன் கட்சியும்: நாயின் கிண்ணத்தில் ஒரு கூட்டல் கணக்கு

எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி. காலை நடையில் இரண்டு நிமிடம் பேசினால் யார் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். "சிக்கனா போடுறீங்க? சூடாச்சே சார், முடியெல்லாம் கொட்டிடும். எங்க வீட்ல எட்டு வருஷமா தயிர்சாதம்தான்" என்பார் ஒருவர். "கறி திங்கிற பிராணிக்குப் போய் தயிர்சாதமா, பாவம்" என்பார் எதிர்வீட்டுக்காரர். இரண்டு பேரும் தங்கள் நாயைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நாயும் இரண்டு பக்கமும் வாலாட்டும்.

நான் சிக்கன் கட்சியில் இருந்தவன். லேப்ரடார் குட்டி மணி வீட்டுக்கு வந்தபோது தினமும் எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறியை வேகவைத்து, சோற்றில் பிசைந்து போட்டேன். குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தான். நாலாம் மாதம் முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வெளிப்பக்கம் வளையத் தொடங்கின. எடை கூடியதால் வந்த வளைவு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எலும்பு இல்லாம, வெறும் கறிதானே போடுறீங்க?" ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கூட்டல் கணக்கு போட்டார். அந்தக் கணக்கை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், நாய் ஓநாய் இல்லை

"நாய் ஓநாயின் வம்சம், அதற்குச் சோறு ஆகாது" என்ற வாதத்தை முதலில் முடித்துவிடலாம். வம்சம் சரிதான். ஆனால் நாய் பல்லாயிரம் வருடங்களாக மனிதன் மிச்சம் வைத்ததைத் தின்று வளர்ந்த பிராணி. அந்தப் பழக்கம் அதன் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது. அரிசி, கோதுமை, கிழங்கு இவற்றில் இருக்கும் மாவுச்சத்தைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி வேண்டும். நொதி என்றால் உணவை உடைத்துக் கொடுக்கும் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய்க்கு இந்தக் கத்தரிக்கோலைச் செய்யும் மரபணு இரண்டு பிரதிதான் உண்டு. நாய்க்கு நாலிலிருந்து முப்பது பிரதி வரை இருப்பதாக 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நன்றாக வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். அதில் சந்தேகமே வேண்டாம்.

செரிப்பது வேறு, அதுவே போதும் என்பது வேறு. தயிர்சாதக் கட்சி சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வயிறு நிறைவதும் கிண்ணம் நிறைவதும்

ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் என்று பட்டியல் இருக்கும். ஒரு மாதம் கடைக்காரர், "பருப்பு வரல, அதுக்குப் பதிலா கூட 5 கிலோ அரிசி வாங்கிக்கோங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால் அந்த மாதம் முழுக்க சாம்பார் இல்லை. அரிசி எத்தனை மூட்டை வந்தாலும் பருப்பின் இடத்தை நிரப்பாது.

நாயின் உடம்புக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. முதலில் சக்தி, அதாவது கலோரி. ஓடவும் மூச்சு விடவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் செலவாகும் எரிபொருளின் அளவு அது. அப்புறம் புரதம். தசை, தோல், முடி எல்லாம் அதில்தான் ஆகின்றன. புரதம் என்ற சங்கிலியின் கண்ணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். அதில் பத்து வகையை நாயின் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். கூடவே சிலவகைக் கொழுப்பு, கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம், அயோடின், பலவகை வைட்டமின்கள்.

இதில் நமக்கும் நாய்க்கும் வித்தியாசம் உண்டு. வைட்டமின் சி-யை நாய் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும், ஆரஞ்சுப் பழம் தேவையில்லை. வைட்டமின் டி விஷயம் தலைகீழ். நாம் வெயிலில் நின்றால் தோல் அதைத் தயாரித்துக் கொடுக்கும். நாயின் தோலுக்கு அந்தத் திறமை போதாது. "குட்டியை இளவெயில்ல விடுங்க, எலும்பு பலமாகும்" என்று பெரியவர்கள் சொல்வது மனிதக் குழந்தைக்குச் சரி. நாய்க்குட்டிக்கு அது உணவு வழியாகத்தான் வரவேண்டும்: முட்டை மஞ்சள் கரு, மத்தி மாதிரி எண்ணெய் மீன், அல்லது வைட்டமின் சேர்த்த தயாரிப்பு உணவு.

இந்தப் பட்டியலில் இருக்கும் எல்லாமே, ஒன்றுக்கொன்று சரியான விகிதத்தில், தினசரிக் கலோரிக்குள் அடங்கியிருந்தால் அதற்குச் சமச்சீர் உணவு என்று பெயர். சமச்சீர் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகம் ஞாபகம் வருகிறதா, பரவாயில்லை. கிண்ணத்தில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டி இது நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. மொத்தக் கிண்ணமும் சேர்ந்து பட்டியலை நிரப்புகிறதா என்பதுதான் கேள்வி.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்துக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த, சாதாரணமாக வீட்டில் திரியும் நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் அதிகாரிகளின் அமைப்பான ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்ச அளவைப் பார்த்தால், அந்த 600 கலோரிக்குள் 27 கிராம் புரதமும் 750 மில்லிகிராம் கால்சியமும் இருக்கவேண்டும்.

முதலில் தயிர்சாதக் கிண்ணம். வெந்த சோறு 350 கிராம், தயிர் 250 கிராம். கலோரி 600-ஐத் தொட்டுவிடும். வயிறு திம்மென்று நிறையும். புரதம் சுமார் 18 கிராம், அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. கால்சியம் 300 சொச்சம் மில்லிகிராம், பாதிக்கும் கீழே. தயிரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் வீடுகளில் இன்னும் மோசம்.

அடுத்தது சிக்கன் கிண்ணம். சோறு 300 கிராம், எலும்பில்லாத வெந்த நெஞ்சுக்கறி 125 கிராம். இதுவும் 600 கலோரிதான். புரதம் 47 கிராம், தாராளம். சிக்கன் கட்சி இந்த இடத்தில் கைதட்டலாம். ஆனால் கால்சியம்? சோற்றிலும் கறியிலும் சேர்த்து 50 மில்லிகிராம். 750 தேவைப்படும் இடத்தில் வெறும் 50.

நான் நம்பாமல் திருப்பிக் கேட்டேன். கறியில் கால்சியமே இல்லையா என்று. காட்டில் ஒரு மிருகத்தை அடித்துத் தின்னும் பிராணி கறியோடு எலும்பையும் சேர்த்துத் தின்கிறது. கால்சியம் இருப்பது எலும்பில். நாம் அக்கறையாக எலும்பை நீக்கிவிட்டு, கால்சியத்தையும் குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

சுருக்கமாக: தயிர்சாதத்தில் புரதமும் கால்சியமும் குறை. சிக்கன் சோற்றில் புரதம் உண்டு, கால்சியம் அநேகமாக இல்லை. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் இ என்று பட்டியலில் கீழே போகப்போக இரண்டு கிண்ணமுமே தோற்கும்.

அடகுக்குப் போகும் நகை

கால்சியம் குறைந்தால் எலும்பு பலவீனமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி ஆகிறது என்பதில்தான் குழப்பம். சாப்பாட்டில் வரும் கால்சியம் நேரே எலும்பில் போய் ஒட்டிக்கொள்வது போலவும், வராவிட்டால் எலும்பு வளராமல் நிற்பது போலவும் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தினசரிச் செலவுக்குப் பர்ஸில் கொஞ்சம் ரொக்கம். பீரோவில் நகை. சொத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நகையாகத்தான் இருக்கிறது. ஆனால் பால்காரருக்கும் பள்ளி வேனுக்கும் நகையைக் கொடுக்க முடியாது, ரொக்கம்தான் வேண்டும். பர்ஸ் காலியானால் வீடு அன்றே நின்றுவிடும். நகை குறைந்தால் உடனே ஒன்றும் தெரியாது.

நாயின் உடம்பில் கால்சியம் இருப்பது அப்படித்தான். 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் இருக்கும் துளி ரத்தத்திலும் தசைகளிலும். அந்தத் துளி இல்லாமல் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, நரம்பு சேதி அனுப்பாது. அதனால் ரத்தத்தில் கால்சியத்தின் அளவு இறங்கவிடாமல் உடம்பு கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காக்கிறது.

அந்தக் காவலாளிதான் பாராதைராய்டு சுரப்பி. கழுத்தில் இருக்கும் நாலு சின்னஞ்சிறு சுரப்பிகள் அவை. ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் அவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். ஹார்மோன் என்றால் ரத்தத்தின் வழியாக ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் உத்தரவு. இந்த உத்தரவு எலும்புக்குப் போய், "நகையைக் கொடு" என்கிறது. எலும்பு கரைந்து கால்சியம் ரத்தத்துக்கு வருகிறது. பர்ஸ் நிரம்புகிறது, வீடு ஓடுகிறது.

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பிரச்சினையே இல்லை. நகையை அடகு வைத்து மீட்காத குடும்பம் உண்டா? தினமும் வருமானம் 50, செலவு 750 என்று மாதக்கணக்கில் போனால்தான் சிக்கல். தினமும் ஒரு வளையல் கடைக்குப் போகிறது. கறியில் பாஸ்பரஸ் வேறு அதிகம். நம் சிக்கன் கிண்ணத்தில் கால்சியம் 50 என்றால் பாஸ்பரஸ் 400-க்கு மேல். இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலிருந்து, கால்சியம் இரண்டு பாஸ்பரஸ் ஒன்று என்ற விகிதம் வரைக்குள் இருக்கவேண்டும். இங்கே ஒன்றுக்கு எட்டு. பாஸ்பரஸ் இப்படி ஏறி நின்றால் ரத்தத்தில் கால்சியம் இன்னும் அழுத்தத்துக்கு ஆளாகும், அடகு இன்னும் வேகமாக நடக்கும்.

வளர்ந்த நாயிடம் நகை நிறைய இருக்கும், வெளியே தெரியப் பல காலம் ஆகும். குட்டியின் பீரோவில் அதிகம் இல்லை. போதாக்குறைக்கு அது புது எலும்பு கட்டிக்கொண்டிருக்கும் வயது. அதே 600 கலோரிக்கு வளரும் குட்டிக்கு வேண்டிய கால்சியம் 750 இல்லை, 1800 மில்லிகிராம். அதுவும் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி சில மாதத்தில் மலைபோல வளரும் குட்டியென்றால் எடை ஏறிக்கொண்டே போகும், தாங்கும் கால் மெலிந்துகொண்டே போகும். கால் வளையும். நொண்டும். சோபாவிலிருந்து குதித்தாலே ஒடியும். எக்ஸ்ரேயில் எலும்பு, தண்ணீர் விட்ட மை மாதிரி வெளிறித் தெரியும்.

இதை வாய்வழக்கில் ரிக்கெட்ஸ் என்பார்கள். ரிக்கெட்ஸ் என்பது பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் வரும் வேறு நோய். நம்மூர்க் குட்டிகளின் வளைந்த காலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இந்த அடகுக் கதைதான்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. "ரத்தம் எடுத்துப் பார்த்தோம், கால்சியம் நார்மலாத்தான் இருக்கு, அதனால சாப்பாட்டுல குறை இல்ல" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை எட்டிப் பார்ப்பது பர்ஸைத்தான், பீரோவை இல்லை. அடகு வைத்துக்கொண்டே இருக்கும் வீட்டில் பர்ஸ் எப்போதும் நார்மலாகத்தான் இருக்கும்.

நல்ல செய்தி, சீக்கிரம் கண்டுபிடித்துச் சாப்பாட்டைச் சரிசெய்தால் எலும்பு திரும்பக் கட்டிக்கொள்ளும். மணிக்குச் சில வாரம் ஓட்டமும் மாடிப்படியும் தடை. கால் முழுக்க நிமிரவில்லை, ஆனால் நொண்டவில்லை.

அப்போ டானிக் ஊற்றிவிடலாமா?

இதைப் படித்ததும் கை கால்சியம் டானிக் பாட்டிலுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது.

வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடுதலாகப் போனால் குடல், "போதும்" என்று உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஆறு மாதம் வரையிலான குட்டியின் குடலுக்கு இப்படி மறுக்கத் தெரியாது. வந்ததில் பெரும்பங்கை அப்படியே உள்ளே விட்டுவிடும். பெரிய இனக் குட்டிகளில் இந்த உபரி, எலும்பும் மூட்டும் உருவாகும் முறையையே குலைத்துவிடும். கூடவே அதிகக் கால்சியம் துத்தநாகத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும், அது தோலிலும் முடியிலும் தெரியும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது: குட்டிக்கென்றே தயாரித்த பாக்கெட் உணவைப் போடுகிறார்கள். அதில் கால்சியம் ஏற்கெனவே கணக்காகச் சேர்த்திருக்கிறது. அதன் மேல், காது நிமிரட்டும், உயரமாக வளரட்டும் என்று காலையும் மாலையும் டானிக். உப்பு சரியாக இருக்கும் குழம்பில் இன்னொரு கைப்பிடி உப்புப் போடும் வேலை அது.

சுருக்கமாக: குட்டிக்குரிய சமச்சீர் பாக்கெட் உணவு முழுநேரமும் போட்டால் டானிக் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் கட்டாயம் வேண்டும், ஆனால் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் போட்டுக்கொடுத்த அளவில்.

எலும்பு, முட்டை ஓடு, கேழ்வரகு

எலும்பில்தானே கால்சியம், பிரியாணி எலும்பைப் போட்டால் ஆச்சே என்று கேட்கலாம். வெந்த எலும்பு கூரான சிம்புகளாக உடையும். தொண்டையில், குடலில் குத்தும், அடைக்கும். வேண்டாம். மசாலாவும் வெங்காயமும் ஒட்டிய எலும்பு இன்னும் கெடுதல்.

முட்டை ஓடு நல்ல வழி. ஓட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுத்தக் கால்சியம்தான். கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்ளலாம். பல்லில் நறநறவென்று கடிபடக் கூடாது, அப்படி நைசாக. ஒரு டீஸ்பூன் பொடியில் ஏறக்குறைய 2000 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். நம் 10 கிலோ நாயின் சிக்கன் கிண்ணத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அரை டீஸ்பூனுக்கும் குறைவாகவே போதும். ஆனால் இது கால்சியப் பள்ளத்தை மட்டும்தான் நிரப்பும். துத்தநாகத்துக்கும் அயோடினுக்கும் முட்டை ஓடு ஜவாப் சொல்லாது.

கேழ்வரகு விஷயத்தில் பழைய ஆட்கள் விவரமானவர்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு. அரிசியோடு ஒப்பிட்டால் எங்கோ இருக்கிறது. அதில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முழுவதும் உடம்பில் சேராது. ஆனாலும் சோற்றுக்குப் பதில் வாரத்தில் சில நாள் நன்றாக வெந்த கேழ்வரகுக் களி போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மணிக்கும் இல்லை.

சரி, என்னதான் போடுவது?

எளிய வழி, நல்ல தயாரிப்பு உணவு. பாக்கெட்டில் படத்தையும் விளம்பர வரியையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். முழுமையான, சமச்சீரான உணவு என்றும், எந்த வயதுக்கு என்றும் எழுதியிருக்கவேண்டும். சில பாக்கெட்டுகள் துணை உணவுதான். மேலே தூவ, ஆசைக்குக் கொடுக்க மட்டும். அதையே மூன்று வேளையும் போட்டால் பழைய கதைதான்.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால் தப்பே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமையல் மாதிரி கைக்கணக்கில் செய்யக் கூடாது. கறி அல்லது முட்டை அல்லது மீன், ஒரு தானியம், கொஞ்சம் காய், ஒரு ஸ்பூன் எண்ணெய், கால்சியம், இவற்றுடன் நாய்க்கென்று உள்ள வைட்டமின்-தாதுக் கலவை. அளவை மருத்துவரிடம் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஈரல் சத்தானது, ஆனால் வாரம் ஒன்றிரண்டு முறை சின்னத் துண்டு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ அளவுமீறிச் சேரும்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது நடுவழி: பாக்கெட் உணவும், மேலே வீட்டுச் சாப்பாடும். அதற்கு ஒரு வரம்பு உண்டு. சமச்சீர் இல்லாத எதுவும், பிஸ்கட்டோ இட்லியோ சிக்கனோ, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு மேரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. 5 கிலோ பொமரேனியனுக்கு நாளெல்லாம் சேர்த்து 350 கலோரி என்றால், தாத்தா ஒன்று, பேத்தி ஒன்று, வாட்ச்மேன் ஒன்று கொடுத்தாலே வரம்பு மீறியாச்சு.

சூடு, பூச்சி, முடி

கோழிக்கறி சூடு, முடி கொட்டும் என்கிறார்கள். கறி தின்றதால் நாயின் உடம்பு வெப்பம் ஏறிவிடாது. பருவத்துக்குப் பருவம் முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் திட்டுத் திட்டாகக் கொட்டினால் உண்ணி, சொறிப்பூச்சி, பூஞ்சை, ஒவ்வாமை, துத்தநாகம் அல்லது நல்ல கொழுப்பின் குறைவு என்று காரணம் தேடவேண்டும். சில நாய்களுக்குக் கோழிப் புரதமே ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வரும் என்பதும் உண்மை. அது அந்த நாயின் ஒவ்வாமை, கோழியின் குற்றம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், முடி கொட்டுகிறது என்று கறியை நிறுத்தித் தயிர்சாதத்துக்குப் போனால் முடி ஆக வேண்டிய புரதம்தான் முதலில் குறையும்.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பது இன்னொன்று. நாய்க்குட்டியின் வயிற்றில் இருக்கும் உருளைப்புழு பெரும்பாலும் கருவிலேயே தாயிடமிருந்து வருகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும், மண்ணிலிருந்து தோல் வழியாகவும் வரும். அதனால்தான் குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கொடுக்கச் சொல்கிறார்கள். உள்ளே புழு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நல்ல சாப்பாடும் பங்கு பிரிந்துவிடும்.

பால்? தாய்ப்பால் மறந்தபின் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் பல நாய்களுக்குக் குறைந்துவிடும். பேதி ஆகும். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு, அதனால் தாங்கும்.

சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் ஆபத்து

கூடாதவற்றில் சாக்லேட் எல்லோருக்கும் தெரியும். திராட்சை அவ்வளவாகத் தெரியாது. பச்சை திராட்சை, கறுப்பு திராட்சை, உலர்ந்த திராட்சை எதுவானாலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கேக்கிலும் அது ஒளிந்திருக்கும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்திருந்தாலும் சரி. விளைவு தெரிய நாலைந்து நாள்கூட ஆகலாம் என்பதால் சாம்பார் சாதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் மிகக் கொஞ்சமே போதும், ரத்தச் சர்க்கரை தடாலென்று விழும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குப் போடுவதும் இந்த வரிசையில்தான்.

எது என்பதை விட எவ்வளவு

1987-ல் அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டுக்கும் ஒரே உணவு. ஆனால் ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் மற்றது தின்னும் அளவில் கால்வாசி குறைத்துக் கொடுத்தார்கள், ஆயுள் முழுக்க. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதல், மூட்டு வலியும் தள்ளிப்போயிற்று. சாப்பாட்டை மாற்றாமல், அளவை மட்டும் மாற்றிக் கிடைத்த இரண்டு வருடம்.

நம் நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று பார்க்கக் கையே போதும். முதலில் கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கடியில் தட்டுப்படும், விலா இப்படி இருந்தால் அளவு. உள்ளங்கையின் மெத்தையான சதை மாதிரி இருந்து, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் பருமன். மருத்துவர்கள் இதையே ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள், நாலோ ஐந்தோ வாங்கும் நாய்தான் கெட்டிக்காரன். கருத்தடை செய்த நாய்க்குக் கலோரித் தேவை குறையும், அளவையும் அதற்கேற்பக் குறைக்கவேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை இனங்கள் விதிவிலக்கு. கடைசி சில விலாக்கள் கண்ணுக்கே தெரிவது அவற்றின் கட்டமைப்பு. "பாவம், சோறே போடுறதில்லையா" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காக அவற்றைக் கொழுக்க வைக்காதீர்கள்.

கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பினால்

எப்போதும் பாய்ந்து தின்னும் நாய் ஒருநாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால், "கொழுப்பு, சிக்கன் கேக்குது" என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து உள்ளே விடும் கிருமிகள் ரத்த அணுக்களைத் தாக்கும். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளிறுதல், சிலசமயம் மூக்கில் ரத்தம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடிப் பாருங்கள். நாயின் மேல் நாலு உண்ணி தெரிந்தால், சுவர் விரிசலிலும் கட்டிலுக்கடியிலும் அதன் குடும்பமே இருக்கும் என்று அர்த்தம். நாயைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்தாமல் வீட்டையும் கவனிக்கவேண்டும்.

சாப்பாட்டை மாற்ற முடிவெடுத்துவிட்டால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால்வாசியை எடுத்துப் புதியதைச் சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுக்க மாற்றினால் வயிறு கெடாது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, பிறகு நாம் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். மணி இப்போது 29 கிலோ. அவனைத் தூக்கிக்கொண்டு முள்ளைப் பார்க்கக் குனிய முடியாது என்பதால், எண்ணைப் படிக்க எதிர்வீட்டுத் தயிர்சாதக் கட்சிக்காரரைத்தான் கூப்பிடுகிறேன்.